மண் பாக்டீரியா தரும் காம்ப்ளிமென்ட் தடுப்பான்கள் ஏன் மருந்தாகவில்லை?

மண்ணில் வாழும் பாக்டீரியா சுரக்கும் சில இயற்கைச் சேர்மங்கள், கிருமிகளைத் தாக்கும் இரத்தப் புரதங்களின் தொகுதியான நம் உடலின் காம்ப்ளிமென்ட் மண்டலத்தைத் தடுப்பதாகப் படித்தேன், அவை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தும் ஏன் மருந்தாக வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உறவினர் ஒருவருக்குச் சி3 குளோமெருலோபதி என்னும் சிறுநீரக நோய் இருப்பதாகவும், அதில் காம்ப்ளிமென்ட் அளவுமீறி வேலை செய்வதாக மருத்துவர் சொன்னதாகவும் கூடவே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கேள்வி அறிவியல் வரலாற்றைப் பற்றியதுபோல் தெரிந்தாலும், கைக்கெட்டிய ஒரு மருந்தை யாரோ அலமாரியில் போட்டு மறந்துவிட்டார்களா, அதை இப்போது எடுத்துப் பயன்படுத்த முடியுமா என்பதே நீங்கள் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி யாரும் மறந்துவிடவில்லை என்பது என் பதில். ஆனால் அதன் காரணம் சற்றுச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியது. ஏனெனில் ‘காம்ப்ளிமென்ட் தடுப்பான்’ என்ற பெயரிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. நான் மருத்துவர் அல்லன். நுண்ணுயிர்க் கரைசல்களைச் சீரத்தோடு, அதாவது இரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரோடு, கலந்து என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆய்வகப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன். அந்த எல்லைக்குள் நின்றே எழுதுகிறேன்.

காம்ப்ளிமென்ட் என்பது ஒரே பொருள் அன்று. இரத்தத்திலும் செல்களின் மேற்பரப்பிலும் இருக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டு அது. ஆன்டிபாடி மட்டும் இருந்தால் பாக்டீரியா கரைந்துபோவதில்லை, புதிய சீரத்தில் இருக்கும், சூடுபடுத்தினால் கெட்டுப்போகும் இன்னொன்றும் தேவை என்று 1890-களில் ஜூல் போர்டே காட்டினார். ஆன்டிபாடியின் வேலையை நிறைவு செய்வது என்னும் பொருளில் அதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தவர் பால் எர்லிக். இன்றும் ஆய்வகங்களில் சீரத்தை 56 டிகிரி செல்சியசில் அரை மணி நேரம் வைத்தெடுப்பது அந்தப் பொருளைச் செயலிழக்கச் செய்யத்தான். இப்புரதங்கள் மூன்று பாதைகளில் தூண்டப்படுகின்றன: ஆன்டிபாடியால் தொடங்கும் மரபுப் பாதை, நுண்ணுயிரின் மேலுள்ள சர்க்கரைகளை அடையாளம் கண்டு தொடங்கும் லெக்டின் பாதை, யாரும் தூண்டாமலே சன்னமாக எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மாற்றுப் பாதை. மூன்றும் சி3 என்ற புரதத்தில் வந்து கூடுகின்றன. சி3 வெட்டப்பட்டதும் உண்டாகும் சி3பி துண்டு அருகிலுள்ள பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஃபேக்டர் பி என்ற புரதத்தைத் துணைக்கு அழைத்து, மேலும் சி3-ஐ வெட்டும் நொதியாக மாறுகிறது. அது இன்னும் சி3பி-ஐ உண்டாக்குகிறது. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் இந்தச் சுற்றை ஃபேக்டர் எச் போன்ற புரதங்கள் கட்டிப் போடாவிட்டால் அது நம் திசுக்களையே தாக்கும். உங்கள் உறவினரின் நோயில் கட்டு தளர்ந்திருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், மாற்றுப் பாதை, ஃபேக்டர் பி என்ற இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சேர்மம். நீங்கள் படித்த கட்டுரை பெரும்பாலும் காம்ப்லெஸ்டாட்டினைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் லாவென்டுலே என்ற மண் பாக்டீரியாவிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த பொருள் அது. சோதனைக்குழாயில் மனிதக் காம்ப்ளிமென்டின் மாற்றுப் பாதையை அது தடுக்கிறது என்ற ஆய்வு 1980-ல் வெளிவந்தது. சி3-ஐ வெட்டும் அந்த நொதி உருவாகும் கட்டத்திலேயே அது குறுக்கிடுகிறது என்பது அதன் சாரம். அதன் மூலக்கூறு அமைப்பு 1989-ல் வெளியானது. அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு சங்கிலி இரண்டு வளையங்களாகப் பின்னப்பட்டு, ஆறு குளோரின் அணுக்களைச் சுமந்து நிற்கும் விசித்திரமான மூலக்கூறு அது. மூலக்கூறு எடை 1,300-ஐச் சற்றுத் தாண்டும். வான்கோமைசின் என்ற புகழ்பெற்ற ஆன்டிபயாடிக்கின் உறவுக்காரர் என்றும், சர்க்கரை ஒட்டாத தம்பி என்றும் அதைச் சொல்லலாம். இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாதவை. அப்படி ஒரு சேர்மம் உண்டு, மண் பாக்டீரியாவே அதைச் செய்கிறது, சோதனைக்குழாயில் அது காம்ப்ளிமென்டைத் தடுக்கவும் செய்கிறது.

ஐயம் தொடங்குவது அடுத்த படியில். இப்படிப்பட்ட சேர்மங்களைத் தேடும் சோதனையை ஒருமுறை கண்முன் கொண்டுவந்து பாருங்கள். ஆட்டின் சிவப்பணுக்களின் மேல் முயலின் ஆன்டிபாடியைப் பூசி, அவற்றைச் சீரத்தோடு 37 டிகிரியில் வைத்தால், சீரத்திலுள்ள காம்ப்ளிமென்ட் அந்த அணுக்களைத் துளைத்து உடைக்கும். உள்ளிருந்த ஹீமோகுளோபின் வெளியேறித் திரவம் தெளிந்த சிவப்பாகும். மாற்றுப் பாதைக்கு மட்டும் என்றால், பூச்சு இல்லாத முயல் சிவப்பணுக்களையே எடுத்து, கால்சியத்தை மட்டும் நீக்கி, மெக்னீசியத்தை விட்டுவைப்போம். மரபுப் பாதைக்கும் லெக்டின் பாதைக்கும் கால்சியம் வேண்டும், மாற்றுப் பாதைக்கு வேண்டாம். ஒரு பாக்டீரியா வளர்ந்த கரைசலைக் கலந்த பிறகும் அணுக்கள் உடையாமல் குழாயின் அடியில் படிந்துவிட்டால், அதில் ஏதோ ஒரு தடுப்பான் இருக்கிறது என்று குறித்துக்கொள்வோம். எளிமையான, அழகான சோதனை. ஆனால் அது சொல்வது சிவப்பணு உடையவில்லை என்பதை மட்டுமே; ஏன் உடையவில்லை என்பதை அது சொல்வதில்லை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் எந்தப் பொருளும் இதில் தடுப்பானாகத் தெரியும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைப் போல எதிர்மின்னூட்டம் நிறைந்த நீண்ட சங்கிலிகளும் அப்படியே. புரதங்களை எங்கு கண்டாலும் ஒட்டிக்கொள்ளும் பிசின் போன்ற பொருள்களும் அப்படியே. என் பணியின் தொடக்க ஆண்டுகளில், இரண்டு மாதம் துரத்திப் பிடித்த ஒரு ‘அற்புதமான தடுப்பான்’ கடைசியில் பாக்டீரியாவுக்கு ஊட்டிய வளர்ப்பு ஊடகத்திலேயே இருந்த, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் சிட்ரேட் என்று தெரிந்தது. பாக்டீரியா போடாத வெறும் ஊடகத்தை முதல் நாளே சோதித்திருந்தால் அந்த இரண்டு மாதமும் மிச்சம். அதன் பிறகு எந்தக் கரைசல் வந்தாலும் கூடுதலாகக் கால்சியமும் மெக்னீசியமும் சேர்த்து ஒருமுறை பார்க்காமல் நான் எதையும் நம்பியதில்லை.

காம்ப்லெஸ்டாட்டின் அந்த வகைப் போலி அன்று. அதன் தடை உண்மையானது. ஆனாலும் அதற்குப் பின்னர் நடந்தவை அந்தப் பெயரின் மீதான நம்பிக்கையை அசைக்கின்றன. 1990-களில் ஜப்பானில், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற சதோஷி ஓமுராவின் குழு, எச்.ஐ.வி. வைரசின் ஜிபி120 புரதம் மனிதச் செல்லின் சிடி4 புரதத்தோடு சேருவதைத் தடுக்கும் பொருள்களைத் தேடியபோது குளோரோபெப்டின்கள் என்ற இரண்டைக் கண்டெடுத்தது. அவற்றில் இரண்டாவது காம்ப்லெஸ்டாட்டினேதான். பின்னர், பாக்டீரியா கொழுப்பு அமிலங்களைக் கட்டும் ஒரு நொதியை அது தடுப்பதாக இன்னோர் ஆய்வு வந்தது. 2020-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரி ரைட்டின் குழு முற்றிலும் வேறொரு வழியில் அதே மூலக்கூறிடம் வந்து சேர்ந்தது. வான்கோமைசின் குடும்பத்தின் மரபணுக்களை ஒரு வமிசாவளியாக அடுக்கி, அதில் தெரிந்த எதிர்ப்பு மரபணுக்கள் இல்லாத கிளைகள் புதிய விதமாக வேலை செய்யக்கூடும் என்று ஊகித்துத் தேடியபோது, கோர்போமைசின் என்ற புதிய சேர்மமும் நம் பழைய காம்ப்லெஸ்டாட்டினும் அகப்பட்டன. பாக்டீரியாவின் செல் சுவரான பெப்டிடோகிளைக்கானோடு இவை ஒட்டிக்கொள்கின்றன. வளரும்போது அந்தச் சுவரை ஆங்காங்கே வெட்டித் தளர்த்தும் நொதிகள் அதனால் வேலை செய்ய முடியாமல் போகின்றன. தன் சுவருக்குள்ளேயே சிறைப்பட்ட பாக்டீரியா பிளந்து பெருக முடிவதில்லை. மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியால் எலிகளின் தோலில் உண்டாக்கிய தொற்றை இரண்டுமே குறைத்தன.

ஒரே மூலக்கூறு, நான்கு சோதனைகள், நான்கு வேலைகள். தேடியவர் எந்தக் கண்ணாடியை அணிந்திருந்தாரோ அந்த நிறத்தில் அது தெரிந்திருக்கிறது. மண்ணில் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிசுக்கு அக்கம்பக்கத்து பாக்டீரியாவோடுதான் போட்டி. பாலூட்டியின் சீரத்தை அது சந்திக்கும் வாய்ப்பு அரிது. ஆகவே பக்கத்து பாக்டீரியாவின் செல் சுவரைப் பூட்டுவதே இச்சேர்மத்தின் இயல்பான வேலை என்றும், காம்ப்ளிமென்டைத் தடுப்பது தற்செயலாக அமைந்த பக்கக் குணம் என்றும் நான் நினைக்கிறேன். இது என் கணிப்பே தவிர நிறுவப்பட்ட உண்மை அன்று. எதிர்வாதமும் இருக்கிறது: சி3 மிகப் பழைய புரதம், அதன் உறவினர்கள் முதுகெலும்பற்ற உயிர்களிலும் உண்டு, மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் கொசுவில் டெப்1 என்ற சி3 உறவினர் ஒட்டுண்ணியின் மேல் ஒட்டிக்கொண்டு அதைக் கொல்ல உதவுகிறது. மண்ணில் ஊரும் சிற்றுயிர்களோடு உள்ள உறவில் இத்தகைய சேர்மங்களுக்கு ஏதாவது பங்கு இருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் என்னால் அடித்து மறுக்க முடியாது. ஆனால் காம்ப்ளிமென்டைத் தடுத்தாக வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் உயிர்கள் அதை எவ்வளவு துல்லியமாகச் செய்கின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இரத்தம் குடித்து வாழும் ஓர்னித்தோடோரஸ் மூபாட்டா என்ற உண்ணி, காம்ப்ளிமென்ட் தொடரில் சி3-க்கு அடுத்த கட்டத்தில் வெட்டப்படும் சி5 புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை உமிழ்நீரில் வைத்திருக்கிறது. மனித உடலில் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சி3-ஐ வெட்டும் நொதியை அப்படியே உறையவைக்கும் சிறு புரதம் ஒன்றைச் சுரக்கிறது. மண்ணிலிருந்தே மனிதனைத் தொற்றக்கூடிய பர்க்கோல்டேரியா சூடோமல்லெய், சி3பி தன்மேல் படிவதைக் குறைக்கும் சர்க்கரை உறை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. இவை தேவையால் உருவான கருவிகள். காம்ப்லெஸ்டாட்டினிடம் அந்தக் குறி தப்பாத தன்மை இல்லை.

இதே வரிசையில் வேறு சிலவும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காம்ப்ளிமென்ட் வெட்டுப்படும்போது வெளிவரும் சி5ஏ என்ற துண்டு வெள்ளணுக்களை அழைக்கும் அழற்சிச் செய்தி; அந்தச் செய்தி போய்ச் சேராமல் தடுக்கும் எல்-156,602 என்ற வளையப் பெப்டைடு (அமினோ அமிலச் சங்கிலி) ஒன்று ஸ்ட்ரெப்டோமைசிசிலிருந்து கிடைத்ததாக 1991-ல் வெளியானது. அதுவும் மருந்தாகவில்லை. சி5 கட்டத்தைத் தடுக்கும் கே-76 என்ற சேர்மத்தையும் சில கட்டுரைகள் இந்தப் பட்டியலில் சேர்க்கின்றன. அது ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற பூஞ்சை தருவது, பாக்டீரியா அன்று. இன்னொரு குழப்பம், மண் பாக்டீரியா தந்து மருந்தாகவும் ஆன நோய் எதிர்ப்புத் தணிப்பான்களைப் பற்றியது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்த ராபமைசினும், ஜப்பானின் சுகுபா மண்ணிலிருந்து வந்த டாக்ரோலிமஸும் உண்மையிலேயே மாபெரும் வெற்றிகள். ஆனால் அவை அடக்குவது நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி-செல்களை, காம்ப்ளிமென்டை அன்று. சிறுநீரக நோயாளிகளுக்கு டாக்ரோலிமஸ் கொடுக்கப்படுவதைப் பார்த்துவிட்டு இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. இவற்றையெல்லாம் விடப் பெரிய குழப்பம் ஓர் எழுத்து வேறுபாட்டில் இருக்கிறது. காம்ப்லெஸ்டாட்டின் வேறு, காம்ப்ஸ்டாட்டின் வேறு. இரண்டாவது, 1996-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜான் லாம்ப்ரிசின் குழு, பாக்டீரியாவைத் தொற்றும் ஃபேஜ் வைரசுகளின் மேல் வெளிக்காட்டப்பட்ட எண்ணற்ற பெப்டைடுகளுக்குள் சி3-ஐப் பிடித்துக்கொள்ளும் ஒன்றைத் தேடி எடுத்தது. பதின்மூன்று அமினோ அமிலங்களின் வளையம் அது. எந்த மண்ணிலும் பிறந்ததில்லை. அதன் வழித்தோன்றலான பெக்செட்டகோபிளான் 2021-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து. ‘மண் பாக்டீரியாவின் காம்ப்ளிமென்ட் தடுப்பான் மருந்தாகிவிட்டது’ என்று எங்காவது படித்தீர்களானால், எழுதியவர் இந்த இரண்டு பெயர்களையும் கலந்துவிட்டாரா என்று முதலில் பாருங்கள்.

சரி, ஏன் மருந்தாகவில்லை? இன்ன காரணத்தால் கைவிட்டோம் என்று எந்த நிறுவனமும் எழுதிவைத்த அறிக்கையைக் கொண்டு நான் இதைச் சொல்லவில்லை. மூலக்கூறின் குணத்திலிருந்து கணிப்பதைச் சொல்கிறேன். முதலாவது அளவு. சீரத்தில் சி3 லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கிறது. ஃபேக்டர் பி-யும் குறைவில்லை, லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவில் ஓடுகிறது. ஈரல் இவற்றை ஓயாமல் புதிதாகச் செய்தும் அனுப்புகிறது. இவ்வளவு புரதத்தையும் இரவும் பகலும் பிடித்துவைக்க வேண்டுமானால், தடுப்பான் மிக இறுக்கமாகவும் அதை மட்டுமே குறிவைத்தும் பிணைய வேண்டும். வைரசின் புரதம், பாக்டீரியாவின் நொதி, செல் சுவர் என்று போகிற இடமெல்லாம் ஒட்டுகிற மூலக்கூறிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அடுத்தது, இவ்வளவு பெரிய, வளையம் பின்னிய பெப்டைடு வாய்வழி கொடுத்தால் குடலில் சரியாக உறிஞ்சப்படுவது கடினம். உறவினரான வான்கோமைசினும் அப்படித்தான், இரத்தத்தில் சேர வேண்டுமானால் ஊசி வழியாகத்தான் செலுத்துகிறார்கள். காம்ப்லெஸ்டாட்டினைச் சற்றே மாற்றி மேம்படுத்துவதும் எளிதன்று. சூடான அமிலத்தில் வைத்தால் ஒரு வளையத்தின் பிணைப்பு இடம் மாறி அது முதலாம் குளோரோபெப்டினாகிவிடுகிறது. ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்துக் காட்டவே வேதியியலாளர்களுக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. இவை எல்லாவற்றோடும், ஆன்டிபயாடிக்காகவும் வேலை செய்யும் ஒரு பொருளை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டால் உடலில் வாழும் நல்ல பாக்டீரியாவின் கதி என்ன என்ற கேள்வியும் இருக்கிறது.

இங்கே உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980-ல் காம்ப்லெஸ்டாட்டின் சுட்டிக்காட்டிய இடம், அதாவது மாற்றுப் பாதையில் சி3-ஐ வெட்டும் நொதி, உண்மையிலேயே தடுக்கத் தகுந்த இடமாகத் தேறியிருக்கிறது. வேறு மூலக்கூறுகள் வழியாக, வேறு பாதையில். காம்ப்ளிமென்ட் மருந்துகளில் முதலில் வந்த எக்குலிசுமாப் 2007-ல் ஒப்புதல் பெற்றது. அது சி5-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி, ஊசி வழியாகச் செலுத்துவது. பின்னர் வந்த இப்டகோபான், ஃபேக்டர் பி-யின் வெட்டும் பகுதியிலேயே போய் அமரும் சிறு மூலக்கூறு, வேதியியலாளர்கள் உருவாக்கியது, மாத்திரையாக விழுங்கலாம். சிவப்பணுக்கள் இரத்தத்திலேயே உடையும் பி.என்.எச். என்ற நோய்க்கு 2023 டிசம்பரிலும், சி3 குளோமெருலோபதிக்கு 2025 மார்ச்சிலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் அளித்தது. அதே 2025-ல் பெக்செட்டகோபிளானும் இந்தச் சிறுநீரக நோய்க்கு ஒப்புதல் பெற்றது. காம்ப்லெஸ்டாட்டினிலிருந்து இவை பிறந்தன என்று நான் சொல்லவில்லை; பரம்பரைத் தொடர்பு ஏதும் இல்லை.

இம்மருந்துகளோடு வரும் எச்சரிக்கையையும் சொல்லாமல் விட முடியாது. காம்ப்ளிமென்ட் சும்மா இருக்கும் மண்டலம் அன்று. சி5-ஐத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு மெனிங்கோகாக்கஸ் கிருமியால் வரும் கடும் தொற்றின் அபாயம் மற்றவர்களைவிட ஆயிரம் முதல் இரண்டாயிரம் மடங்கு கூடுகிறது. அதனால்தான் மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே தடுப்பூசி போடச் சொல்கிறார்கள், காய்ச்சல் வந்தால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். சி3 அளவிலும் ஃபேக்டர் பி அளவிலும் தடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். இயற்கையில் கிடைத்தது என்பதால் ஒரு தடுப்பான் இந்த அபாயத்திலிருந்து விலக்கு பெறாது. காம்ப்ளிமென்டை அது எந்த அளவுக்கு உண்மையாகத் தடுக்கிறதோ அந்த அளவுக்கு அபாயமும் உண்டு. அபாயமே இல்லை என்று யாராவது விற்றால், அது எதையும் தடுக்கவில்லை என்றே பொருள்.

ஆகவே, மண் பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பொடிகளோ, ‘இயற்கைக் காம்ப்ளிமென்ட் சமன்படுத்தி’ என்று பெயரிட்டு வரும் எதுவுமோ உங்கள் உறவினருக்கு வேண்டாம். அவற்றில் காம்ப்லெஸ்டாட்டின் இருக்கப் போவதில்லை. இருந்தாலும் அது இரத்தத்தைச் சென்றடையப் போவதில்லை. அவருடைய நோயில் எந்த மருந்து பொருந்தும் என்பது சிறுநீரகத் திசுச் சோதனை, சீரத்தில் சி3, சி4 அளவுகள், ஃபேக்டர் எச் முதலியவற்றின் மரபணுச் சோதனை, நொதியைக் குலையவிடாமல் பிடித்து நிறுத்தும் சி3 நெஃப்ரிட்டிக் ஃபேக்டர் என்ற தன்னெதிர் ஆன்டிபாடி இருக்கிறதா என்பது ஆகியவற்றைப் பார்த்துச் சிறுநீரக மருத்துவர் முடிவெடுக்க வேண்டியது. அதில் நான் தலையிட முடியாது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, கட்டு தளர்ந்திருப்பது சி3 கட்டத்திலா, சி5 கட்டத்திலா, இரண்டிலுமா, அது எந்தச் சோதனையில் தெரிந்தது என்று மட்டும் கேட்டு எழுதி வாருங்கள். அந்த விடையோடு நீங்கள் மறுபடி எழுதினால், சோதனை அறிக்கையிலுள்ள சொற்களுக்கு என்ன பொருள் என்பதை விளக்கும் அளவுக்கு என்னால் உதவ முடியும்.